பி.வி.எஸ்ஸி (கால்நடை மருத்துவம்) சேர நீட் வேணுமா வேணாமா? தங்கச்சிக்காக கேக்குறேன், தெரிஞ்சவங்க சொல்லுங்க

நிலக்கோட்டை பாண்டி:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. என் தங்கச்சி இப்ப ப்ளஸ் டூ படிக்குது, பயோ-மேத்ஸ் குரூப், தமிழ் மீடியம். சின்ன வயசுல இருந்தே மாட்டு டாக்டர் ஆகணும்னு ஒரே பிடிவாதம், வீட்டுல ரெண்டு கறவை மாடும் கொஞ்சம் வெள்ளாடும் இருக்கு, அதுகளுக்கு ஒண்ணுன்னா டாக்டர் வர்றப்போ பக்கத்துலயே நின்னு என்ன ஊசி, எதுக்கு போடுறீங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கும், அவரும் சலிக்காம சொல்லுவாரு. சரி, ஆசைப்படுறதைப் படிக்க வைக்கலாம்னு விசாரிக்க ஆரம்பிச்சா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ட்யூஷன் சார் நீட் எழுதாம கால்நடை மருத்துவம் கிடைக்கவே கிடைக்காதுங்குறாரு. எங்க ஊர்ல இன்னொருத்தர் நீட்டே வேணாம், ப்ளஸ் டூ மார்க் போதும்ங்குறாரு. நடுவுல ஒரு ஏஜென்ட் போன் பண்ணி வெளிமாநிலத்துல டைரக்ட் சீட் வாங்கித் தர்றேன், மார்க் பத்தி கவலை வேணாம், முன்பணம் கட்டுங்கன்னு ரெண்டு மூணு தடவை பேசிட்டாரு. அப்பாவுக்கு அதுல லேசா ஆசை வந்துருச்சு, அதான் பயமா இருக்கு.

அரையாண்டுல பயாலஜி 91, பிசிக்ஸ் 82, கெமிஸ்ட்ரி 86 எடுத்திருக்கு. இதை வச்சு கட் ஆஃப் எப்படி கணக்கு போடணும், அரசுப்பள்ளி பசங்களுக்கு தனி ஒதுக்கீடு இருக்குங்குறாங்களே அது இதுக்கும் உண்டா, ஒருவேளை கிடைக்கலைன்னா விலங்கு சம்பந்தமா வேற என்ன படிக்க வைக்கலாம், இது மூணும்தான் என் கேள்வி. வீட்டுல இதுவரைக்கும் யாரும் காலேஜ் போகலைங்க, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்லுங்க.

நாமக்கல் ஃபைனல் இயர்:

அண்ணே, உங்க ட்யூஷன் சார் சொல்றதுலயும் பாதி உண்மை இருக்கு, ஊர்க்காரர் சொல்றதுலயும் பாதி உண்மை இருக்கு, அதான் குழப்பமே. தமிழ்நாட்டுல இருக்குற கால்நடை மருத்துவக் கல்லூரி எல்லாமே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்குக் கீழ வருது, எல்லாரும் தானுவாஸ்னு சொல்லுவோம், மாதவரத்துல இருக்கு. வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, அப்புறம் 2020-ல வந்த சேலம் தலைவாசல், உடுமலை, தேனி, ஆக மொத்தம் ஏழு காலேஜ். இந்தக் காலேஜ்கள்ல இருக்குற சீட்ல 85 சதவீதம் மாநில ஒதுக்கீடு, அதுக்கு நீட் கிடையாது, முழுக்க ப்ளஸ் டூ மார்க்தான். மிச்சம் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு, அதுக்கு மட்டும்தான் நீட் ஸ்கோர், அதை இந்திய கால்நடை மருத்துவ கவுன்சில் தனியா கவுன்சிலிங் வச்சு நிரப்பும். எம்.பி.பி.எஸ் கவுன்சிலிங்ல பதிவு பண்ணிட்டா இதுக்கும் சேத்துப் பதிவாயிடும்னு நிறைய பேர் நெனச்சுட்டு இருக்காங்க, அப்படி இல்ல, அது வேற இது வேற, இதுக்குத் தனியா போய் பதிவு பண்ணணும்.

கட் ஆஃப் 200-க்கு. பயாலஜி மார்க் முழுசா 100-க்கு எடுத்துக்குவாங்க, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் சேத்து ரெண்டால வகுத்து 100-க்கு. உங்க தங்கச்சிக்கு பயாலஜி 91, அந்தப்பக்கம் 82-ம் 86-ம் கூட்டுனா 168, அதுல பாதி 84, மொத்தம் 175. இதுல கவனிச்சுப் பாத்தீங்கன்னா பயாலஜில ஒரு மார்க் கூடுனா கட் ஆஃப்ல முழுசா ஒரு மார்க் ஏறும், பிசிக்ஸ்ல ஒரு மார்க் கூடுனா அரை மார்க்தான் ஏறும். அதனால பயாலஜில ஒரு மார்க்கைக் கூட விடக்கூடாது, அதுக்காக பிசிக்ஸை விட்டுறவும் கூடாது, ஏன்னா மேல போகப் போக அரை மார்க்குக்கு நடுவுல ஏகப்பட்ட பேர் நிப்பாங்க. கணக்கு மார்க் இந்த கட் ஆஃப்ல வரவே வராது. பியூர் சயின்ஸ் எடுத்த பசங்களுக்கு தாவரவியல் விலங்கியல் ரெண்டையும் கூட்டி சராசரி எடுத்து பயாலஜி இடத்துல வைப்பாங்க.

இங்கிலீஷையும் சும்மா விட்டுறாதீங்க. அது கட் ஆஃப்ல சேராது, ஆனா கவுன்சில் விதிப்படி இங்கிலீஷ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி நாலும் சேத்து பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம் இருக்கணும், எஸ்சி எஸ்டிக்கு அதுல தளர்வு உண்டு. வயசு, சேர்ற வருசம் டிசம்பர் 31-க்குள்ள 17 முடிஞ்சிருக்கணும்.

உண்மையைச் சொல்லணும்னா 175 பொதுப்போட்டிக்கு பத்தாதுண்ணே. எல்லாக் காலேஜும் சேத்தாலும் 600 சொச்சம் சீட்தான், அப்ளை பண்றவங்க பல ஆயிரம், 190-க்கு மேல எடுத்தவங்களே ரேங்க் லிஸ்ட்ல தள்ளித்தான் வருவாங்க. ஆனா அரையாண்டு மார்க்தானே, பப்ளிக்ல ஏத்தலாம், அதோட அரசுப்பள்ளி பசங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குள்ள வந்துட்டா கதையே வேற. ஆறாவதுல இருந்து பன்னண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியிலயே படிச்சிருக்கணும். 2021-ல கொண்டு வந்த சட்டத்துல இன்ஜினியரிங், வேளாண்மை, மீன்வளம், சட்டம் இதோட கால்நடை மருத்துவமும் சேத்தி. அந்த பசங்களுக்குள்ளயே தனி ரேங்க் போட்டு சீட் குடுப்பாங்க, கல்விக்கட்டணம், ஹாஸ்டல், கவுன்சிலிங் கட்டணம் எல்லாத்தையும் அரசே கட்டும். என் ரூம்மேட் அப்படித்தான் வந்தான், இப்ப எங்க பேட்ச்ல சர்ஜரில நல்லா பண்றவங்கள்ல அவனும் ஒருத்தன்.

நீட் எழுத வைக்கலாமான்னு கேட்டா, படிச்சிருந்தா எழுதட்டும், அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு ஒரு சான்ஸ். ஆனா நீட் கோச்சிங்னு ஓடி போர்டு எக்ஸாமை கோட்டை விட்டுறக்கூடாது. இந்தப் படிப்பைப் பொறுத்தவரைக்கும் தமிழ்நாட்டுல போர்டு மார்க்தான் முக்கியம்.

கால்நடை உதவி மருத்துவர்:

தம்பி பாண்டி, முதல்ல அந்த ஏஜென்ட் விஷயத்தை முடிச்சு விடுங்க. ஒரு ரூபாய் கூட குடுக்காதீங்க. எந்தக் காலேஜ் பேரைச் சொன்னாலும் இந்திய கால்நடை மருத்துவ கவுன்சிலோட இணையதளத்துல அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் பட்டியல் இருக்கு, அதுல இருக்கான்னு பாருங்க. 1984-ம் வருசத்து இந்திய கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட பட்டம் இருந்தாதான் மாநில கவுன்சில்ல பதிவு பண்ண முடியும், பதிவு இல்லாம நீங்க டாக்டரா வைத்தியம் பாக்க முடியாது, அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, ஒரு இன்சூரன்ஸ் சர்டிபிகேட்ல கூட கையெழுத்து போட முடியாது. அங்கீகாரம் இல்லாத இடத்துல அஞ்சு வருசம் படிச்சுட்டு வந்து நிக்கிற பிள்ளைங்களைப் பாத்திருக்கேன், அந்த அப்பா அம்மா முகத்தைப் பாக்க முடியாது. இன்னொண்ணு, கால்நடை சம்பந்தமா டிப்ளமோ, சர்டிபிகேட் கோர்ஸ்னு நிறைய இருக்கு, அதெல்லாம் உதவியாளர் வேலைக்கு, டாக்டர் பட்டம் ஆகாது. பேர் ஒரே மாதிரி இருக்கும், ஏமாந்துறாதீங்க.

படிப்பு அஞ்சரை வருசம். நாலரை வருசம் வகுப்பு, ஒரு வருசம் இன்டர்ன்ஷிப். முழுக்க இங்கிலீஷ்லதான். தமிழ் மீடியத்துல இருந்து வர்ற பிள்ளைங்க முதல் வருசம் அனாட்டமில கொஞ்சம் திணறத்தான் செய்வாங்க, ஏன்னா அங்க மாட்டை அடிப்படையா வச்சுக்கிட்டு குதிரை, ஆடு, பன்றி, நாய், கோழின்னு ஒவ்வொண்ணுலயும் எந்த எலும்பு எப்படி மாறுதுன்னு ஒப்பிட்டுப் படிக்கணும், மனுச டாக்டருக்கு ஒரே உடம்பு, நமக்கு இத்தனை உடம்பு. ஃபார்மலின் நெடி கண்ணை எரிக்கும், அதுலயே மணிக்கணக்குல நின்னு தசையைப் பிரிச்சுப் பாக்கணும். ஆனா ஆறு மாசத்துல பழகிரும், ப்ளஸ் டூ பயாலஜி தெளிவா படிச்ச பிள்ளைக்கு பாஷை ஒரு தடையே இல்ல, நானும் தமிழ் மீடியம்தான்.

ஒரு விஷயம் வெளிப்படையா சொல்லிடறேன். எம்.பி.பி.எஸ் கிடைக்கலைன்னு இதுக்கு வர்றவங்க நிறைய. அதுல கொஞ்சம் பேர் அடுத்த வருசம் நீட் எழுதி பாதியில போயிடறாங்க, ஆசைப்பட்ட ஒரு பிள்ளையோட சீட் அங்க வீணாப் போகுது. உங்க தங்கச்சி மாட்டுப் பக்கத்துல நின்னு கேள்வி கேக்குற பிள்ளைன்னு சொன்னீங்க பாருங்க, இந்தத் துறைக்கு அந்த மாதிரி பிள்ளைங்கதான் வேணும். ராத்திரி ரெண்டு மணிக்கு நஞ்சுக்கொடி விழலைன்னு போன் வரும், கோமாரி தடுப்பூசி முகாம் நேரத்துல விடியக்காலைல மாடுங்க மேய்ச்சலுக்குப் போறதுக்குள்ள ஊருக்குள்ள இருக்கணும், தோல் கழலை நோய் பரவுனப்போ ஒரு நாளைக்கு எத்தனை தொழுவம் ஏறி இறங்குனோம்னு கணக்கே இல்ல. இதெல்லாம் பிடிச்சிருந்தா இதைவிட நல்ல வேலை கிடையாது. ஒரு கறவை மாட்டை நம்பி ஒரு குடும்பமே பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுது, அந்த மாடு எந்திரிச்சு நின்னுருச்சுன்னா அந்த வீடே நிமிர்ந்துரும்.

விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி அந்தப் பிள்ளையை உங்க ஊர் கால்நடை மருந்தகத்துல டாக்டர்கிட்ட கேட்டு லீவ் நாள்ல கொஞ்ச நேரம் நின்னு பாக்கச் சொல்லுங்க. யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க.

நிலக்கோட்டை பாண்டி:

ரொம்ப நன்றி சார், ரொம்ப நன்றி தம்பி. ஏஜென்ட் நம்பரை ப்ளாக் பண்ணிட்டேன், அப்பாகிட்டயும் நீங்க எழுதுனதை அப்படியே வாசிச்சுக் காட்டிட்டேன். இப்ப ரெண்டு சந்தேகம். தங்கச்சி பத்தாவது வரைக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளில படிச்சுச்சு, அப்புறம் தான் அரசு மேல்நிலைப் பள்ளி. இது 7.5-ல சேருமா? பக்கத்து வீட்டுல எய்டட் ஸ்கூல்ல படிக்கிற பொண்ணுக்கு கிடையாதுன்னுட்டாங்களாம், அதான் கேக்குறேன். ரெண்டாவது, அம்மா ஒண்ணு சொல்லிட்டே இருக்காங்க, பொம்பளப் புள்ள எருமையையும் காளையையும் எப்படி சமாளிக்கும், பலம் வேணாமான்னு. நான் என்ன பதில் சொல்லன்னு தெரியல.

டாக்டர் அக்கா, தஞ்சாவூர் பக்கம்:

பாண்டி தம்பி, அம்மாகிட்ட இதை நான் சொன்னேன்னு சொல்லுங்க. நான் மாட்டு டாக்டர், ஒல்லியான ஆளு, இந்த வேலையை வருசக்கணக்கா பாத்துட்டு இருக்கேன். எருமையை யாரும் பலத்தால அடக்க முடியாது, ஆம்பளையாலயும் முடியாது. எங்க நிக்கணும், கயிறை எப்படிப் போடணும், எப்ப மயக்க மருந்து குடுக்கணும்னு தெரிஞ்சா போதும், அதைத்தான் காலேஜ்ல சொல்லிக் குடுக்குறாங்க.

போன மழைக்காலத்துல ஒரு கேஸ். தலைச்சன் கன்னு, முன்னங்கால் ரெண்டும் வெளிய வந்து நிக்குது, தலையைக் காணோம். வீட்டுல இருந்த ஆம்பளைங்க நாலு பேர் காலைப் புடிச்சு இழுத்துப் பாத்து ஓஞ்சு போயிருந்தாங்க. உள்ள கை விட்டுப் பாத்தா தலை ஒரு பக்கமா விலாவோட மடங்கிக் கெடக்கு, இப்படி இருக்குறப்போ எத்தனை பேர் இழுத்தாலும் வராது, இழுக்க இழுக்க இன்னும் இறுகும். வால் அடில எபிடியூரல், அதாவது பின்பக்கம் மரத்துப்போற ஊசி போட்டு முக்கலைக் குறைச்சு, வழவழப்புக்கு திரவத்தை உள்ள விட்டு, கன்னை வெளிய இழுக்காம உள்பக்கமா தள்ளினேன். தள்ளுனாதான் தலையைத் திருப்ப இடம் கிடைக்கும். அப்புறம் கீழ்த்தாடையைப் புடிச்சு கொஞ்சம் கொஞ்சமா தலையை நேராக்கி, ரெண்டு காலுக்கும் கயிறு மாட்டி கீழ்ப்பக்கமா மெதுவா இழுக்கச் சொன்னேன். கன்னு உசிரோட வந்துச்சு, அரை மணி நேரத்துல தாய் நக்க ஆரம்பிச்சுருச்சு. பலமா இழுத்திருந்தா கன்னும் போயிருக்கும், கருப்பையும் கிழிஞ்சிருக்கும். வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் குட்டி மாட்டிக்கிச்சுன்னா சின்னக் கைதான் உள்ள போகும், அங்க எங்களைத்தான் கூப்பிடுவாங்க.

இப்பல்லாம் வகுப்புல பொண்ணுங்க நிறைய. அம்மாவுக்கு உண்மையிலயே கவலைப்பட வேண்டியது வேற ஒண்ணு, நோய்த் தொற்று. கன்னு வீசுன, அதாவது கரு கலைஞ்ச மாட்டுக்கிட்ட புரூசெல்லோசிஸ்னு மனுசங்களுக்கும் தொத்துற நோய் இருக்கலாம், அதனால கையுறை இல்லாம நஞ்சுக்கொடியைத் தொடவே கூடாது, அப்புறம் வெறிநாய்க்கடி தடுப்பூசியை கடி வாங்குறதுக்கு முன்னாடியே போட்டுக்கணும். வீட்டுல இப்பவே மாடு ஆட்டை கையாளுற பிள்ளைதானே, கையுறை பழக்கத்தை இப்பவே ஆரம்பிக்கச் சொல்லுங்க.

விலங்கியல் டீச்சர்:

கள்ளர் சீரமைப்புப் பள்ளி கண்டிப்பா சேரும் தம்பி, கவலையே வேணாம். அந்தச் சட்டத்துல அரசுப் பள்ளின்னா மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு, வனத்துறை பள்ளி எல்லாம் உள்ள வருது. அரசு உதவி பெறும் பள்ளிதான் வராது, அதான் பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு அப்படிச் சொல்லிருக்காங்க. இதுல எங்க பிள்ளைங்க மாட்டுறது சர்டிபிகேட்லதான். ஆறுல இருந்து பத்து வரைக்கும் படிச்ச பள்ளி ஹெச்.எம் கிட்ட ஒரு சான்று, ப்ளஸ் ஒன் ப்ளஸ் டூ பள்ளி ஹெச்.எம் கிட்ட ஒரு சான்று, ரெண்டையும் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க.

மூணாவது கேள்விக்கு யாரும் சரியா பதில் சொல்லலை, அதை நான் சொல்றேன். எங்க பள்ளில வருசா வருசம் இதைத்தான் பிள்ளைங்ககிட்ட உக்காந்து பேசுறேன், ஏன்னா விலங்கு, உயிரியல்னாலே டாக்டர் படிப்பு ஒண்ணுதான்னு நெனச்சு அது கிடைக்கலைன்னதும் சம்பந்தமே இல்லாத ஒரு கோர்ஸ்ல போய் உக்காந்துடறாங்க.

கால்நடை மருத்துவத்துக்கு அடுத்தபடியா நான் சொல்றது பி.எஃப்.எஸ்ஸி, மீன்வளம். நாலு வருசம், நாகப்பட்டினத்துல தலைமையிடம் வச்சிருக்குற மீன்வளப் பல்கலைக்கழகம், தூத்துக்குடியில இருக்குற காலேஜ் 1977-லயே ஆரம்பிச்சது. இதுக்கும் நீட் கிடையாது, பயாலஜி பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி படிச்சிருந்தா போதும். சமீப வருசங்கள்ல கோவை வேளாண் பல்கலைக்கழகத்தோட சேத்து ஒரே விண்ணப்பமா வாங்கியிருக்காங்க, அப்படி வாங்குனா வேளாண்மை, வனவியல், பட்டுப்புழு வளர்ப்பு எல்லாத்துக்கும் அதுலயே விருப்பம் குடுக்கலாம். இது தானுவாஸ் விண்ணப்பத்துல சேராது, ரெண்டையும் தனித்தனியா போடணும். வருசம் தவறாம யாராவது ஒரு பிள்ளை ஒண்ணைப் போட்டுட்டு இன்னொண்ணும் அதுலயே வந்துரும்னு இருந்துருது.

தானுவாஸ்லயே பி.டெக் இருக்கு, உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், ஓசூர்ல கோழியினத் தொழில்நுட்பம். உங்க தங்கச்சி கணக்கும் படிச்சிருக்குறதால இந்தக் கதவும் திறந்திருக்கு. இன்ஜினியரிங் கவுன்சிலிங் வழியா பி.டெக் பயோடெக்னாலஜி போறதா இருந்தாலும் கணக்கு மார்க்தான் கட் ஆஃப்ல வரும். பத்தாவது படிக்கிற பிள்ளைங்க வீட்டுல யாராவது இதைப் படிச்சா இதை மனசுல வச்சுக்கோங்க: பியூர் சயின்ஸ் எடுத்தா கால்நடை, மீன்வளம், நர்சிங்னு போகலாம், ஆனா இந்த பி.டெக் பக்கம் எட்டிப் பாக்க முடியாது. எதைப் படிக்கலாம்ங்குறதுல பாதி ப்ளஸ் ஒன் சேர்ற அன்னைக்கே முடிவாயிடுது, அந்த நாள்ல பிள்ளைகூட போய் நிக்கிறவங்க எத்தனை பேர்?

ஆராய்ச்சியில ஆசை இருந்தா ஐசர், அதாவது மத்திய அரசோட அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம். திருப்பதி, திருவனந்தபுரம், புனேன்னு நாட்டுல ஏழு இடத்துல இருக்கு, அஞ்சு வருச பி.எஸ்-எம்.எஸ். ஐ.ஏ.டி.ன்னு ஒரு நுழைவுத்தேர்வு, பயாலஜி கெமிஸ்ட்ரி பிசிக்ஸ் மேத்ஸ் நாலுலயும் 15 கேள்வி வீதம் 60 கேள்வி. அதுக்கு ப்ளஸ் டூ படிக்கிறப்பவே விண்ணப்பிக்கணும், ரிசல்ட் வந்தப்புறம் பாத்துக்கலாம்னா நேரம் கடந்திருக்கும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட்னு ஒரு பொது நுழைவுத்தேர்வு எழுதணும், அதுக்கும் அதே கதைதான்.

பி.எஸ்ஸி விலங்கியலைப் பத்தி யாரும் நல்லதா பேசுறதில்ல, எனக்கு அதுல வருத்தம் உண்டு. அரசுக் கலைக் கல்லூரில சேர்ந்தா செலவு ரொம்பக் கம்மி. அதை முடிச்சுட்டு மயிலாடுதுறை பக்கம் ஏ.வி.சி காலேஜ்ல வனஉயிரியல் எம்.எஸ்ஸி படிச்சவங்க காட்டுல யானை, பறவைன்னு வேலை பாக்குறாங்க, கோவை ஆனைக்கட்டியில பறவையியலுக்கே சலீம் அலி மையம் இருக்கு. ஐ.எஃப்.எஸ், அதாவது இந்திய வனப்பணித் தேர்வு எழுத விலங்கியல் பட்டமும் போதும், கால்நடை மருத்துவப் பட்டமும் போதும். பாடத்தை விரும்பிப் படிச்சா விலங்கியல் ஒண்ணும் கடைசிப் புகலிடம் கிடையாது.

கோவை அப்பா:

இடையில கேக்குறதுக்கு மன்னிக்கணும். என் பையன் சிபிஎஸ்இ, பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி மேத்ஸ் கம்ப்யூட்டர் சயின்ஸ். இப்ப திடீர்னு வெட்னரி படிக்கணும்ங்குறான், வீட்டுல நாய் வளர்க்குறோம், அதுல வந்த ஆசை. ஏதாவது வழி உண்டா?

நாமக்கல் ஃபைனல் இயர்:

சார், பயாலஜி இல்லாம பி.வி.எஸ்ஸிக்கு வழியே இல்ல, நீட்டும் அப்படித்தான், பயாலஜி படிச்சிருக்கணும். சிபிஎஸ்இ-ங்குறது பிரச்சனை இல்ல, சிபிஎஸ்இ பசங்களும் மாநில ஒதுக்கீட்டுல அப்ளை பண்றாங்க, பாடம்தான் பிரச்சனை. தம்பி ப்ளஸ் ஒன்ல இருந்தா இப்பவே ஸ்கூல்ல பேசி குரூப் மாத்த முடியுமான்னு பாருங்க. ப்ளஸ் டூன்னா தானுவாஸ் பி.டெக்ல கணக்கு அடிப்படையில என்ன வாய்ப்புன்னு ப்ராஸ்பெக்டஸ்ல பாக்கலாம். அப்புறம் நாய் பூனை டாக்டர்னு மட்டும் நெனச்சு வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை, அஞ்சரை வருசத்துல பெரும்பகுதி மாடு, ஆடு, கோழி, பன்றிதான். கோழிப் பண்ணையில கூடை கூடையா செத்த கோழியை அறுத்து என்ன நோய்னு பாக்கணும், கறிக்கூடத்துல போய் இறைச்சியைப் பரிசோதிக்கணும். செல்லப்பிராணி மருத்துவத்துல ஸ்பெஷலைஸ் பண்றது அதுக்கப்புறம் மேல்படிப்புலதான். இதைத் தம்பிகிட்ட சொல்லிப் பாருங்க, அப்பவும் வேணும்னா ஆசை உண்மையானதுதான்.

இ-சேவை முருகன்:

நான் விண்ணப்பம் போட்டுக் குடுக்குற ஆளு, மே ஜூன் மாசம் எங்க கடை வாசல்ல நிக்கிற கூட்டத்தைப் பாத்து சொல்றேன். சீட் கிடைக்கிற மார்க் இருந்தும் பேப்பர் சரியில்லாம அலையுறவங்கதான் அதிகம். பாண்டி அண்ணே, இப்ப உங்களுக்கு டைம் இருக்கு, இதை இப்பவே பாருங்க.

ஜாதிச் சான்று பழைய அட்டையா இருந்தா ஆன்லைன்ல புதுசா எடுத்துருங்க. உங்க வீட்டுல யாரும் டிகிரி முடிக்கலைன்னு சொன்னீங்க, அப்ப முதல் பட்டதாரி சான்று கட்டாயம் எடுங்க. 7.5-ல கிடைச்சா அது தேவைப்படாது, ஆனா பொதுவுல கிடைச்சா கல்விக்கட்டணச் சலுகைக்கு அதுதான் வேணும், அது தாசில்தார் வரைக்கும் போய்த் திரும்ப நாள் ஆகும், கவுன்சிலிங் நேரத்துல ஓடுனா கிடைக்காது. வருமானச் சான்றும் ஸ்காலர்ஷிப்புக்கு. தமிழ்நாட்டுலயே எல்லா வகுப்பும் படிச்ச பிள்ளைக்கு பெரும்பாலும் சிக்கல் இல்ல, நடுவுல வெளிமாநிலத்துல படிச்சிருந்தா இருப்பிடச் சான்று கேப்பாங்க.

எல்லாத்தையும் விட முக்கியம், பேர். ஆதார்ல ஒரு இனிஷியல், மார்க் ஷீட்ல ஒரு இனிஷியல், ஜாதிச் சான்றுல அப்பா பேர் ஒரு எழுத்து மாறி இருக்கும். போன சீசன்ல ஒரு பொண்ணுக்கு மார்க் ஷீட்ல பிறந்த தேதியும் ஆதார்ல பிறந்த தேதியும் வேற வேற, ரெண்டையும் சரி பண்றதுக்குள்ள அந்த வீட்டுல ஒருத்தரும் தூங்கலை. பத்தாவது மார்க் ஷீட்டை எடுத்து மேஜைல வச்சுக்கிட்டு மத்த எல்லா பேப்பரையும் அதோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்க, இன்னைக்கே. ஓ.டி.பி வர்ற மொபைல் நம்பர் வீட்டு நம்பரா இருக்கட்டும், கடைக்காரன் நம்பரைக் குடுக்காதீங்க, என் நம்பரையும் சேத்துத்தான் சொல்றேன். கவுன்சிலிங்ல காலேஜ் விருப்ப வரிசை போடறப்போ பக்கத்துல இருக்கு தூரமா இருக்குன்னு பாத்து எந்தக் காலேஜையும் விடாதீங்க, எல்லாத்தையும் வரிசையா போடுங்க. விட்ட காலேஜ்ல சீட் காலியா இருந்தாலும் உங்களுக்கு வராது.

நிலக்கோட்டை பாண்டி:

இவ்வளவு பேர் இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு நெனைக்கவே இல்லைங்க. முருகன் அண்ணே, நீங்க சொன்ன மாதிரி எடுத்துப் பாத்தேன், ஜாதிச் சான்றுல அப்பா பேர் பாண்டியராஜன்னு இருக்கு, மார்க் ஷீட்ல பாண்டியராஜ்னு இருக்கு. இதை எதுல திருத்தணும்? டீச்சர் சொன்ன ரெண்டு ஹெச்.எம் சான்றுக்கும் திங்கக்கிழமை போறேன். தங்கச்சி எல்லாத்தையும் படிச்சுச்சு, டாக்டர் அக்கா எழுதுன கன்னு விஷயத்தை அம்மாவுக்கு அதுவே வாசிச்சுக் காட்டுச்சு, அம்மா பலத்தைப் பத்தி அப்புறம் பேசலை, ஹாஸ்டல்ல சாப்பாடு எப்படின்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. மீன்வளத்தையும் ரெண்டாவது விருப்பமா போடுறதுன்னு முடிவு பண்ணிருக்கு.

இ-சேவை முருகன்:

மார்க் ஷீட்டை இப்ப தொடாதீங்கண்ணே, அது தேர்வுத்துறை வரைக்கும் போகணும், நாள் இழுக்கும். ஜாதிச் சான்றை மார்க் ஷீட்ல உள்ளபடியே பாண்டியராஜ்னு போட்டு புதுசா விண்ணப்பிங்க, கூட அப்பாவோட ஆதாரை வைங்க. ஆதார்லயும் பாண்டியராஜன்னு இருந்தா முதல்ல அதை மாத்திட்டு அப்புறம் சான்றுக்குப் போங்க, இல்லைன்னா வி.ஏ.ஓ திருப்பி அனுப்பிருவாரு.

விலங்கியல் டீச்சர்:

தம்பி, திங்கக்கிழமை போறப்போ ஹெச்.எம் கிட்ட சான்றுல எந்த வகுப்புல இருந்து எந்த வகுப்பு வரைக்கும், எந்த வருசம், பள்ளி எந்தத் துறைக்குக் கீழ வருதுங்குறதைத் தெளிவா எழுதச் சொல்லுங்க. அப்புறம் தங்கச்சிகிட்ட சொல்லுங்க, பயாலஜில அந்த 9 மார்க் எங்க போச்சுன்னு அரையாண்டு பேப்பரை எடுத்துப் பாக்கச் சொல்லி. படத்துல பாகம் குறிக்காம விட்டதும், அஞ்சு மார்க் கேள்வில பாயின்ட் குறைஞ்சதும்தான் பெரும்பாலும் இருக்கும். பேப்பரை போட்டோ எடுத்து இங்க போட்டா நான் பாத்துச் சொல்றேன், பேரையும் பள்ளி பேரையும் மறைச்சுட்டுப் போடுங்க.